யாருடைய முகம், என்ன எழுத்து?

ஞாயிறு பாடசாலையில் நாம் எல்லோரும் கேட்ட கதைதான் இது. பரிசேயரும் ஏரோதியரும் சேர்ந்து இயேசுவிடம் வருகிறார்கள். இராயனுக்கு வரி கொடுப்பது நியாயமா என்று கேட்கிறார்கள். கொடுக்கலாம் என்றால் ஜனங்கள் வெறுப்பார்கள். கொடுக்கக் கூடாது என்றால் ரோமர் பிடித்துக்கொண்டு போவார்கள். இயேசு ஒரு காசைக் கொண்டுவரச் சொல்கிறார். அதன்பின் அவர் சொன்ன பதில் உலகத்துக்கே தெரியும்.

ஆனால் அந்தப் பதிலுக்கு முன்னால் அவர் கேட்ட கேள்வியை நாம் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறோம். காசில் இருக்கும் சுரூபமும் மேலெழுத்தும் யாருடையவை என்று இரண்டையும் சேர்த்துக் கேட்டார். வந்தவர்கள் 'இராயனுடையது' என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டார்கள். மேலெழுத்தை யாரும் வாசித்துக் காட்டவில்லை. வாசித்திருந்தால் சங்கடப்பட்டிருப்பது அவர்கள்தான். அந்தக் காசின் கதையை அறிந்தால் ஏன் என்று விளங்கும்.

காசில் என்ன எழுதியிருந்தது?

தமிழ் வேதாகமம் 'பணம்' என்று சொல்லும் அந்தக் காசு, ரோமரின் தெனாரியஸ் என்ற வெள்ளிக்காசு. திராட்சத்தோட்ட உவமையில் ஒரு நாள் கூலியாக வருவதும் இதுதான். நம் ஐந்து பென்ஸ் காசின் அகலம் இருக்கும். எடை ஏறக்குறைய 3.8 கிராம். இயேசுவின் முன் நீட்டப்பட்டது கி.பி. 14 முதல் 37 வரை ஆண்ட திபேரியு இராயனின் தெனாரியஸ் என்றே நாணய ஆய்வாளர்களில் பெரும்பாலோர் சொல்கிறார்கள்.

தலைப் பக்கத்தில் திபேரியுவின் முகம், தலையில் வெற்றி மாலை. சுற்றிலும் சுருக்கெழுத்தாக லத்தீன் வாசகம். அதன் பொருள்: 'திபேரியு சீசர், தெய்வமான அகுஸ்துவின் மகன், அகுஸ்து.' பூப் பக்கத்தில் செங்கோலும் கிளையும் பிடித்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். சமாதான தேவதையின் சாயலில் காட்டப்பட்ட இராயனின் தாய் லிவியா அவள் என்று பலர் கருதுகிறார்கள். பக்கத்தில் 'போன்டிஃப் மாக்ஸிம்' என்ற எழுத்து. பிரதான ஆசாரியன் என்று அர்த்தம்.

சற்று நிதானித்து யோசியுங்கள். இடம் எருசலேம் தேவாலயம். நாம் தேவகுமாரன் என்றும் பிரதான ஆசாரியர் என்றும் அறிக்கையிடுகிறவர் அங்கே நிற்கிறார். அவர்முன் நீட்டிய காசில், ஒரு மனிதன் தன்னைத் தெய்வத்தின் மகன் என்றும் பிரதான ஆசாரியன் என்றும் அச்சடித்திருக்கிறான். ஆக, அன்றைய கேள்வி வரியோடு நின்றுவிடும் கேள்வி இல்லை.

ஊர் ஊராகப் போன அறிவிப்பு

அன்று செய்தித்தாள் இல்லை, வானொலி இல்லை. ரோமாபுரியில் ஆட்சி மாறினால் சீரியாவின் விவசாயிக்கும் எகிப்தின் படகோட்டிக்கும் எப்படித் தெரியும்? சிலைகள் வைத்தார்கள், கல்வெட்டு வெட்டினார்கள். ஆனால் சிலையும் கல்வெட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். காசுதான் நடந்து போகும். படைவீரனின் சம்பளத்தில் ஏறி, சந்தைக்குப் போய், வரியாகத் திரும்பி வரும்.

வேலையும் எளிது. முன்பக்கத்துக்கு ஒரு அச்சு, பின்பக்கத்துக்கு ஒரு அச்சு. இரண்டுக்கும் நடுவே வெள்ளி வில்லையை வைத்துச் சுத்தியலால் ஓங்கி ஒரு அடி. ஒரு ஜோடி அச்சில் ஆயிரக்கணக்கான காசுகள் எடுக்கலாம். திபேரியுவின் தெனாரியஸ் காசுகள் அச்சானது இன்றைய பிரான்ஸ் நாட்டு லியோன் நகரத்தில். அங்கே அடித்த காசு யூதேயாவுக்கும் வந்தது.

உயிரோடிருக்கும் ஒருவரின் முகத்தைக் காசில் போடுவது ரோமருக்கும் முதலில் வழக்கமில்லை. குடியரசுக் காலக் காசுகளில் ரோமா தேவதை, மற்ற தெய்வங்கள், இறந்துபோன முன்னோர்கள் ஆகியோரே இருப்பார்கள். ராஜாக்களைத் துரத்திவிட்டுக் குடியரசு அமைத்தவர்கள் அவர்கள். கி.மு. 44 தொடக்கத்தில் ஜூலியஸ் சீசரின் முகம், அவன் உயிரோடிருக்கும்போதே ரோமாபுரிக் காசில் ஏறியது. 'வாழ்நாள் சர்வாதிகாரி' என்ற பட்டமும் கூடவே ஏறியது. அதே ஆண்டு மார்ச் 15ஆம் தேதி அவனைக் குத்திக் கொன்றார்கள்.

கொன்றவர்களில் முக்கியமானவன் புரூட்டஸ். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் படைக்குச் சம்பளம் கொடுக்க அவனும் காசு அடித்தான். அதன் பின்பக்கத்தில் இரண்டு குத்துவாள்கள், நடுவில் விடுதலையான அடிமைகள் அணியும் தொப்பி, கீழே கொலை நடந்த மார்ச் மாத நாள். 'உங்களை விடுவித்தோம்' என்று சொல்லும் காசு. முன்பக்கத்தில் யார் தெரியுமா? புரூட்டஸே! சீசர் ராஜாவைப்போல நடந்துகொண்டான் என்று கொன்றவன், சீசர் செய்ததையே செய்தான். அதிகாரத்தின் ருசி அப்படிப்பட்டது.

அகுஸ்து கற்றுக்கொண்ட பாடம்

இந்தக் கலையில் எல்லோரையும் மிஞ்சியவன் அகுஸ்து இராயன். லூக்கா 2ஆம் அதிகாரத்தில் குடிமதிப்புக் கட்டளை பிறப்பிக்கிறவன் இவன்தான். இவன் சீசரின் தத்துப்பிள்ளை. சீசர் செத்த வருடம், அவன் நினைவாக நடந்த விளையாட்டு விழாவின்போது வானத்தில் ஒரு வால்நட்சத்திரம் தோன்றியது. சீசரின் ஆத்துமா தெய்வங்களோடு சேர்ந்துவிட்டது என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். கி.மு. 42இல் சீசரைத் தெய்வம் என்று ரோம ஆட்சிமன்றம் அறிவித்தது. அப்பா தெய்வம் என்றால் மகன் யார்? 'தெய்வத்தின் மகன்' என்ற பட்டம் காசுகளில் வந்தது. பின்னாளில் அந்த வால்நட்சத்திரமும் காசில் ஏறியது. கிரேக்கம் பேசிய கிழக்கு மாகாணங்களில் இந்தப் பட்டத்தைத் 'தேவகுமாரன்' என்று பொருள்படும் சொற்களாலேயே எழுதினார்கள். மாற்கு தன் சுவிசேஷத்தை எழுதிய உலகம் இது.

அகுஸ்துவின் இன்னும் இரண்டு காசுகளைப் பாருங்கள். எகிப்தைப் பிடித்தபின் வந்த காசில் ஒரு முதலை; கூடவே 'எகிப்து பிடிபட்டது' என்ற வாசகம். வாசிக்கத் தெரியாதவனுக்கும் முதலை புரியும்.

இரண்டாவது காசு இன்னும் சாமர்த்தியமானது. கி.மு. 53இல் பார்த்தியரிடம் ரோமர் படுதோல்வி அடைந்து, படைக்கொடிகளையும் பறிகொடுத்தார்கள். கி.மு. 20இல் அகுஸ்து அவற்றைத் திரும்பப் பெற்றான். போர் நடக்கவில்லை, பேச்சுவார்த்தையில்தான் பெற்றான். ஆனால் காசில் ஒரு பார்த்தியன் முழங்காலிட்டுக் கொடியை நீட்டுகிறான். கொடி திரும்பி வந்தது உண்மை. முழங்கால் மட்டும் நாணயச்சாலையில் சேர்ந்தது. பிரசாரம் பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்கிறது. முழுப் பொய்யை எளிதில் பிடித்துவிடலாம். உண்மையோடு ஒட்டிக்கொண்டு வரும் பொய்யைப் பிடிப்பது கஷ்டம்.

யூதேயாவில் ஏன் இது நெருப்பு?

விக்கிரகம் கூடாது என்ற இரண்டாம் கற்பனையைக் கைக்கொண்ட ஜனத்துக்கு இந்த முகங்கள் சாதாரணமானவை அல்ல. ஏரோது ராஜா அடித்த காசுகளில்கூட மனித முகம் கிடையாது. யூதேயாவுக்கு வந்த முதல் ரோமத் தேசாதிபதிகளும் பேரீச்சமரம், தானியக் கதிர் என்று யாரையும் புண்படுத்தாத படங்களையே செப்புக்காசுகளில் போட்டார்கள்.

பொந்தியு பிலாத்து அப்படி இல்லை. இராயனின் உருவம் பொறித்த படைக்கொடிகளை அவன் இரவோடிரவாக எருசலேமுக்குள் கொண்டுவந்ததை யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதியிருக்கிறார். ஜனங்கள் செசரியாவுக்குப் போய் அவன் வீட்டைச் சுற்றி ஐந்து நாள் விழுந்து கிடந்தார்கள். சேவகர் வாளை உருவியபோது கழுத்தை நீட்டினார்கள். பிலாத்துதான் இறங்கிவர வேண்டியதாயிற்று. கி.பி. 29 முதல் 31 வரை அவன் அடித்த சிறு செப்புக்காசுகளிலும் ரோமப் பூசை முறையின் பொருள்கள் இருந்தன. ஒன்றில் பானபலி வார்க்கும் அகப்பை, மற்றொன்றில் சகுனம் பார்ப்பவன் பிடிக்கும் வளைந்த கோல்.

வரிப் பிரச்சினையும் பழையது. கி.பி. 6இல் ரோமர் நேரடியாகக் குடிமதிப்பு எடுத்தபோது கலிலேயனாகிய யூதா கலகம் செய்தான். அப்போஸ்தலர் 5ஆம் அதிகாரத்தில் கமாலியேல் இவனைக் குறிப்பிடுகிறார். ஆகவே இயேசுவிடம் கேட்ட கேள்விக்குப் பின்னால் ரத்தம் இருந்தது.

இப்போது அந்தக் காட்சிக்குத் திரும்புவோம். இராயனின் உருவம் தாங்கிய கொடி நகரத்துக்குள் வரக்கூடாது என்று உயிரைக் கொடுக்கத் துணிந்த ஜனத்தின் நடுவே, இராயனின் உருவம் உள்ள காசு எடுக்கச் சொன்னவுடன் வந்துவிட்டது. கேள்வி கேட்க வந்தவர்கள்தான் கொண்டுவந்தார்கள். கொடி கண்ணுக்குத் தெரிந்தது, எதிர்த்தார்கள். காசு கைக்குப் பழகிவிட்டது, மறந்துவிட்டார்கள். இயேசு முகத்தைப் பற்றியும் எழுத்தைப் பற்றியும் கேட்டு, பழகிப்போன ஒன்றைப் புதிதாகப் பார்க்கவைத்தார்.

காசுகள் சண்டையிட்ட காலம்

கி.பி. 66இல் யூதர் ரோமருக்கு எதிராக எழும்பினார்கள். எழும்பியவுடன் செய்த காரியங்களில் ஒன்று, சொந்த வெள்ளிக்காசு அடித்தது. முகம் இல்லை. ஒரு பக்கம் கிண்ணம், மறுபக்கம் மாதுளை மொட்டுகள், பழைய எபிரெய எழுத்தில் 'பரிசுத்த எருசலேம்.' நான்கு ஆண்டுகளில் எருசலேம் விழுந்தது, தேவாலயம் எரிந்தது.

உடனே ரோமரின் பதில் காசில் வந்தது. வெஸ்பாசியனும் அவன் மகன் தீத்துவும் (பவுலின் உடன் ஊழியர் தீத்து வேறு) அடித்த காசுகளில் ஒரு பேரீச்சமரம், அதன் கீழே தலைகுனிந்து அழும் ஒரு யூதப் பெண், 'யூதேயா பிடிபட்டது' என்ற வாசகம். அதோடு நிற்கவில்லை. யூதர் தேவாலயத்துக்குச் செலுத்திவந்த வரியை, இனி ரோமாபுரியின் ஜூப்பிட்டர் கோயிலுக்குச் செலுத்தவேண்டும் என்று உத்தரவு வந்தது. தோற்றவன் தன்னை அவமானப்படுத்தும் காசையே கையில் வைத்துக் காய்கறி வாங்கவேண்டும். அந்தக் கொடுமையை நினைத்துப் பாருங்கள்.

கி.பி. 132இல் பார் கோக்பா தலைமையில் மறுபடியும் எழுந்தார்கள். இம்முறை ரோமக் காசுகளையே எடுத்து, இராயனின் முகத்தின்மேல் தங்கள் அச்சை வைத்து அடித்தார்கள். முகம் இருந்த இடத்தில் இடிந்துபோன தேவாலயத்தின் முகப்பு வந்தது. சில காசுகளில் புதிய அச்சுக்குக் கீழே பழைய முகத்தின் சாயல் இன்றும் தெரிகிறது. அந்த எழுச்சியும் 135இல் நசுக்கப்பட்டது.

வெள்ளி போய் எழுத்து மிஞ்சியது

ரோமப் பேரரசு தளர்ந்தபோது காசு என்ன சொன்னது? 260ஆம் ஆண்டில் வலேரியன் இராயனைப் பாரசீகர் சிறைபிடித்தார்கள். அவன் மகன் கல்லியேனஸ் காலத்தில் எல்லைகள் எல்லாம் ஆட்டம் கண்டன. 'வெள்ளி'க் காசில் வெள்ளி நூற்றுக்கு ஐந்து பங்குகூட இல்லாத நிலை வந்தது. ஆனால் அதே காசுகளில் 'இராயனின் சமாதானம்', 'இராயனின் செழிப்பு' என்றெல்லாம் எழுதியிருந்தது. வெறும் செம்பின்மேல் பூசிய வெள்ளி தேய்ந்து உதிர, எழுத்து மட்டும் செழிப்பைப் பேசிக்கொண்டிருந்தது. எழுத்தை மட்டும் வாசித்தால் போதாது. உலோகத்தையும் உரசிப் பார்க்கவேண்டும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

கிறிஸ்துவின் அடையாளம் காசில் ஏறியபோது

இதுவரை படித்ததும், 'அவர்கள் அஞ்ஞானிகள், அதனால் அப்படிச் செய்தார்கள்' என்று தோன்றலாம். அடுத்ததையும் பார்த்துவிடுவோம்.

312இல் கான்ஸ்டன்டைன் கிறிஸ்துவின் பெயரால் வென்றதாகச் சொன்னான். 315இல் அடித்த ஒரு வெள்ளிப் பதக்கத்தில் அவன் தலைக்கவசத்தில் கிறிஸ்துவின் பெயரைக் குறிக்கும் கிரேக்க எழுத்துச் சின்னம் இருக்கிறது. ஆனால் அதே காலத்துக் காசுகளில் 'வெல்ல முடியாத சூரியன்' என்ற தெய்வமும் அவனுடைய துணையாக வந்துகொண்டுதான் இருந்தது. இரண்டு கூட்டத்தாருக்கும் ஆளுக்கொரு செய்தி!

327இல் கான்ஸ்டான்டிநோபிளில் அடித்த காசில், கிறிஸ்துவின் சின்னத்தை உச்சியில் தாங்கிய கொடிக்கம்பு ஒரு சர்ப்பத்தைக் குத்துகிறது. அந்தச் சர்ப்பம் பிசாசு மட்டும்தானா? மூன்று ஆண்டுகளுக்கு முன் அவன் தோற்கடித்து, பிறகு கொன்ற லிசினியஸையும் அது குறிப்பதாக வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். லிசினியஸ் வேறு யாருமல்ல, அவன் தங்கையின் கணவன். துன்பப்படுத்துதல் நின்றது என்று சபை சந்தோஷப்பட்டது நியாயம்தான். ஆனால் சிலுவையில் மரித்தவரின் பெயர், மைத்துனனை வென்றதைக் கொண்டாடும் காசிலும் ஏறிவிட்டது. ஆண்டவரின் பெயர் எழுதியிருப்பதெல்லாம் ஆண்டவருக்கு உரியதாகிவிடாது என்பதை அன்றைய சபைக்கு யாராவது எடுத்துச் சொல்லியிருக்கவேண்டும். இன்றைய சபைக்கும் அது தேவை.

நம் ஊருக்கு வந்த இராயன்

இந்தக் காசுகள் நம் முன்னோர் கைக்கும் வந்தன. மிளகுக்கும் முத்துக்கும் துணிக்குமாக ரோமரின் பொன்னும் வெள்ளியும் கப்பலேறின. இந்தியா ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸை உறிஞ்சிக்கொள்கிறது என்று பிளினி என்ற ரோம எழுத்தாளன் புலம்பினான். கோயம்புத்தூர், கரூர் வட்டாரங்களில் புதையலாகக் கிடைத்த ரோம வெள்ளிக்காசுகளில், இயேசுவின் முன் நீட்டிய அதே திபேரியு வகைதான் மிக அதிகமாகக் கிடைத்தவற்றில் ஒன்று.

1898இல் புதுக்கோட்டைப் பக்கம் கருக்காக்குறிச்சியில் 501 ரோமப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் இராயனின் முகத்துக்குக் குறுக்கே உளியால் ஆழமாக ஒரு வெட்டு. காசாகப் புழங்காமல் வெறும் பொன்னாக எடைபோடுவதற்கான வெட்டு அது என்பது பொதுவான விளக்கம். நம் ஊர் வியாபாரிக்குத் திபேரியு தெய்வமும் இல்லை, ஆசாரியனும் இல்லை. பொன்னை வாங்கிக்கொண்டான், பட்டத்தை வாங்கவில்லை. அந்தப் புதையலின் காசுகள் லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அடுத்த விடுமுறையில் வாலிபர் ஐக்கியமாகச் சேர்ந்து போனால், அந்த அருங்காட்சியகத்தின் ரோமக் காசுகளைத் தவறாமல் பாருங்கள்.

உங்கள் பையில் இருக்கும் காசு

அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. இப்போதே பையில் இருக்கும் ஒரு காசை எடுத்துப் பாருங்கள். ராஜாவின் அல்லது ராணியின் முகமும், சுற்றிலும் லத்தீன் சுருக்கெழுத்தும் இருக்கும். டி.ஜி. என்றால் 'தேவ கிருபையால்', எஃப்.டி. என்றால் 'விசுவாசத்தின் காவலர்.' இந்த இரண்டாம் பட்டம் 1521இல் எட்டாம் ஹென்றிக்குப் போப்பு கொடுத்தது, அதுவும் லூத்தருக்கு எதிராகப் புத்தகம் எழுதியதற்காக! பிறகு போப்போடு உறவை முறித்தபின்னும் ஹென்றி பட்டத்தை விடவில்லை. 1849இல் வந்த ஒரு காசில் இந்த எழுத்துகள் இரண்டையும் விட்டுவிட்டார்கள். 'தேவனற்ற காசு' என்று ஜனங்கள் ஆரவாரம் செய்ததும் எழுத்துகள் திரும்பி வந்தன. எத்தனை வருடமாக இந்தக் காசுகளைக் கையாளுகிறோம்! நம்மில் எத்தனை பேர் இதை வாசித்திருக்கிறோம்?

இயேசு காசைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. இராயனின் முகம் இருப்பது இராயனிடம் போகட்டும் என்று விட்டுவிட்டார். ஆனால் தேவனுக்குரியது எது என்று அவர் விளக்கவில்லை. கேட்டவர்களே கண்டுபிடிக்கட்டும் என்று நிறுத்திக்கொண்டார். கி.பி. 200 வாக்கில் கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன் அந்த இடைவெளியை ஆதியாகமத்தால் நிரப்பினார். இராயனின் சாயல் இருக்கும் காசு இராயனுக்கு; தேவனுடைய சாயல் இருக்கும் மனிதன் தேவனுக்கு என்பது அவருடைய விளக்கம்.

இன்று நம் கையில் காசைவிட அதிக நேரம் இருப்பது தொலைபேசி. முகங்களும் வாசகங்களும் நிமிடத்துக்கு நிமிடம் அதில் வந்துகொண்டே இருக்கின்றன. கட்சி, நாடு, இனம், சில வேளைகளில் சபையின் பெயரில்கூட வருகின்றன. ஒவ்வொன்றையும் அடுத்தவருக்கு அனுப்புமுன் இது யாருடைய முகம், என்ன எழுத்து என்று கேட்டுப் பாருங்கள். உள்ளே இருப்பது வெள்ளிதானா என்றும் பாருங்கள். அந்த முகங்களில் எதற்கும் நம்மை முழுவதுமாகக் கொடுத்துவிட வேண்டியதில்லை. நம்மேல் அச்சிடப்பட்டிருக்கும் சாயல் வேறொருவருடையது.